இரண்டு காதுகளும் ஆறு பெட்டிகளும்

மனிதனுக்குக் காது இரண்டு என்று கண்டுபிடிக்க விஞ்ஞானி யாரும் தேவைப்படவில்லை. ஆனால் ஒன்று போதாமல் இரண்டு எதற்கு என்ற கேள்விக்கு விடை கிடைக்க வெகு காலம் பிடித்தது. கண்ணாடி மாட்டிக் கொள்ளவும், கம்மல் போட்டுக் கொள்ளவும், உபாத்தியாயர் திருகுவதற்கும் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மைக் காரணம் வேறு.

ராத்திரி வேளை. மின்சாரம் போய்விட்டது. வாசற்கதவை யாரோ தட்டுகிறார்கள். கொல்லைக் கதவா, வாசற்கதவா என்று நமக்குச் சந்தேகமே வருவதில்லை. எதிர்த் தெருவில் சுவாமி புறப்பாடு. கண்ணை மூடிக் கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் நாதஸ்வரம் எந்த முனையில் திரும்புகிறது, தவில்காரர் முன்னே வருகிறாரா பின்தங்கி விட்டாரா என்பது தெரிகிறது. இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இரண்டு காதுகளும் சேர்ந்து சொல்கின்றன. வலப்பக்கத்துச் சப்தம் வலது காதை முதலில் எட்டுகிறது. இடது காதை அடைவதற்குள் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பிந்தி விடுகிறது. நடுவில் தலை ஒரு சுவர் போல் நின்று, இடது காதுக்குப் போகும் சப்தத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தவும் செய்கிறது. இந்த அற்ப வித்தியாசங்களைக் கொண்டு நம் மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. 1907-ம் வருஷத்தில் ராலே பிரபு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதை விளக்கி எழுதினார்.

ஆனால் 1877-ல் எடிசன் கண்டுபிடித்த பேசும் யந்திரத்துக்குக் குழாய் ஒன்றே ஒன்றுதான். அதன் பிறகு வந்த கிராமபோன், ரேடியோ, பேசும் படம் எல்லாமே வெகு காலத்துக்கு ஒற்றை வாய்க்காரர்களாகவே இருந்தன. கேட்பவருக்கு இரண்டு காது. சொல்பவருக்கு ஒரே வாய். நூறு வாத்தியங்கள் கொண்ட கோஷ்டியானாலும் ஒரே ஓட்டை வழியாகத்தான் வெளியே வரவேண்டும்.

இன்றைக்கு நடுத்தரக் குடும்பங்களின் கூடத்தில் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, மூலையில் 'தொம் தொம்' என்று அதிரும் ஒன்று என ஆறு பெட்டிகளைப் பார்க்கிறோம். அந்த ஆறு பெட்டிகளையும் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரோடு ஒரு ஒயரால் இணைத்துவிட்டு, காலேஜில் படிக்கும் பையன் ஏதோ பிளக்கைச் சொருகிவிட்டதாக நினைத்துக் கொண்டு எழுந்து போகிறான். அவன் சொருகிய அந்த ஒயருக்குப் பின்னால் நூற்று நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு தியாகமும், ஒரு பெரிய அநீதியும், சில வேடிக்கைகளும் உண்டு.

*

சரித்திரம் பாரிஸ் நகரில் ஆரம்பமாகிறது. 1881-ல் அங்கே ஒரு பெரிய மின்சாரக் கண்காட்சி நடந்தது. கிளெமான் ஆதேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் அதில் ஒரு வித்தை காட்டினார். பாரிஸ் ஆபெரா அரங்கத்தின் மேடை விளிம்பில், இடமும் வலமுமாகப் பல டெலிபோன் வாய்களை வைத்தார். அங்கிருந்து ஒயர்களைக் கண்காட்சி மண்டபம் வரையில் இழுத்தார். கண்காட்சிக்கு வந்தவர்கள் இரண்டு கையிலும் இரண்டு டெலிபோன் காதுகளை எடுத்து வைத்துக் கொண்டார்கள். ஒன்று மேடையின் இடப்பக்கத்தோடும் மற்றொன்று வலப்பக்கத்தோடும் சேர்ந்தது. பாடகி மேடையில் இடமிருந்து வலம் நடந்தால், வெகு தூரம் தள்ளி நிற்பவரின் காதிலும் அவள் இடமிருந்து வலம் நடந்தாள்!

பாரிஸ் நகரமே வரிசையில் நின்றது. முதுமையில் இருந்த விக்டர் ஹ்யூகோ தம் பேரக் குழந்தைகளோடு போய்க் கேட்டுவிட்டு வந்து, அந்த அதிசயத்தைத் தம் குறிப்பில் எழுதி வைத்தார். பிற்பாடு 1890-ல் இதற்கென்று ஒரு கம்பெனியே ஏற்பட்டது. 'தியேட்ரோபோன்' என்று பெயர். சந்தா கட்டினால் வீட்டிலிருந்தபடியே நாடகமும் சங்கீதமும் கேட்கலாம். நோயாளியாகப் படுத்த படுக்கையிலேயே பெரும்பாலும் காலம் கழித்த நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்ட் 1911-ல் சந்தாதாரராகி, கட்டிலில் இருந்தபடியே ஆபெரா கேட்டார். என்னைப் போன்ற எழுத்துக்காரர்களுக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் பொறாமையாகக் கூட இருக்கிறது. கச்சேரிக்குப் போகச் சட்டை மாற்றிக் கொள்ள வேண்டாம், முன் வரிசைப் பெரிய மனிதரின் தலைப்பாகையும் மறைக்காது!

ரேடியோ வந்த பிறகு அந்தக் கம்பெனிக்கு மவுசு போயிற்று. 1932-ல் மூடிவிட்டார்கள். அது மூடுவதற்கு ஒரு வருஷம் முன்பாக, லண்டனில் ஒரு சினிமாக் கொட்டகையில் நம் கதாநாயகன் உட்கார்ந்திருந்தான்.

*

ஆலன் டவர் ப்ளம்லீன் 1903-ல் லண்டனில் பிறந்தவர். மின்சாரப் பொறியாளர். 1929-ல் கொலம்பியா கிராமபோன் கம்பெனியில் சேர்ந்தார். 1931-ல் அந்தக் கம்பெனியும், நாய் முத்திரையால் உலகப் பிரசித்தி பெற்ற கிராமபோன் கம்பெனியும் ஒன்றாகி 'இ.எம்.ஐ.' என்று ஆயின.

அந்த நாய் படத்தை வாசகர்கள் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். குழாய்க்கு எதிரே தலையைச் சாய்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்கும். எஜமானன் குரல் கேட்கிறது. ஆனால் எஜமானன் எங்கே என்று தெரியவில்லை. அந்தச் சாய்ந்த தலையில் உள்ள குழப்பத்தை அந்தக் கம்பெனியில் யாராவது கவனித்தார்களோ இல்லையோ, ப்ளம்லீன் கவனித்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1931-ல் ஒரு நாள் அவர், பின்னால் தம் மனைவியான டோரீனோடு சினிமாவுக்குப் போனார். பேசும் படம் வந்த புதிது. திரையில் ஒருவர் ஒரு கோடியில் நின்று பேசுகிறார். குரல் வேறெங்கிருந்தோ வருகிறது. எல்லாரும் படத்தைப் பார்த்துக் கொண்டிருக்கையில் இவருக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. பேசுகிறவர் நகர்ந்தால் குரலும் கூடவே நகரும்படி செய்யத் தமக்கு ஒரு வழி தெரியும் என்று டோரீனிடம் சொன்னாராம். சினிமாக் கொட்டகையில் புருஷர்கள் இப்படிப் பேசுவது புதிதல்ல. 'என்னிடம் விட்டால் இதைவிட நன்றாக எடுப்பேன்' என்று சொல்லாத ரசிகர் யார்? வித்தியாசம் என்னவென்றால், ப்ளம்லீன் வீட்டுக்குப் போய் உண்மையாகவே செய்து காட்டினார்.

அந்த வருஷம் டிசம்பர் 14-ந் தேதி அவர் தாக்கல் செய்த பேடன்டு மனுவின் எண் 394,325. அதில் 70 உரிமைகள் கோரியிருந்தார். இரண்டு மைக்குகளை எப்படி வைப்பது, இரண்டு ஒலிகளை எப்படிச் சேர்ப்பது, பிரிப்பது, சினிமாவுக்கு எப்படி, இசைத்தட்டுக்கு எப்படி - எல்லாம் அதில் அடக்கம். எல்லாவற்றிலும் அழகானது இசைத்தட்டுச் சமாசாரம். தட்டில் இருப்பது ஒரே பள்ளம். ஓடுவது ஒரே முள். இரண்டு ஒலிக்கு எங்கே இடம்? பள்ளம் ஒன்றானாலும் அதற்குக் கரை இரண்டு இருக்கிறதே என்றார் ப்ளம்லீன். ஒரு கரையில் இடது காதுக்கான ஒலி. மறு கரையில் வலது காதுக்கான ஒலி. ஒரே வாய்க்கால் இரு கரை வயலுக்கும் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான்.

வெறும் காகிதத்தோடு நிற்கவில்லை. 1934-ல் லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில், ஸர் தாமஸ் பீச்சம் நடத்திய மோட்ஸார்ட்டின் 'ஜூபிடர்' ஸிம்பனியை இந்த முறையில் பதிவு செய்தார்கள். 1935-ல் ஹேய்ஸ் ரயில் நிலையத்தில் ரயில்கள் போவதையும் வருவதையும் படம் பிடித்து, வண்டியோடு சப்தமும் திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடுவதைக் காட்டினார்கள்.

அதோடு சரி. கம்பெனிக்கு அப்போது டெலிவிஷன் மேல் நாட்டம். ப்ளம்லீனையும் அந்த வேலைக்குத் திருப்பினார்கள். 1936-ல் பி.பி.சி. தொடங்கிய டெலிவிஷன் ஒளிபரப்புக்கு ஆதாரமாக நின்ற பொறியாளர்களில் அவரும் ஒருவர். இரண்டு காதுகளின் விஷயம் அலமாரிக்குள் போயிற்று.

பிறகு யுத்தம் வந்தது. இருட்டிலும் மேகத்திலும் கீழே உள்ள நிலப்பரப்பைக் காட்டும் 'எச்-2-எஸ்' என்ற ரேடார் கருவியை உருவாக்கும் ரகசிய வேலையில் அவர் ஈடுபட்டார். 1942 ஜூன் 7-ந் தேதி அந்தக் கருவியைச் சோதிப்பதற்காக ஹாலிஃபாக்ஸ் விமானம் ஒன்றில் ஏறினார். வலப்பக்கத்து இஞ்சின் ஒன்றில் தீப்பிடித்தது. வெல்ஷ் பிக்னர் என்ற கிராமத்தருகே விமானம் விழுந்தது. அதிலிருந்த 11 பேரும் மாண்டார்கள். ப்ளம்லீனுக்கு வயது 38. இஞ்சினைப் பரிசோதித்த ஒருவர் சிறிய மரை ஒன்றைச் சரியாக முடுக்காமல் விட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

ஒரு மரை! நூற்றிருபதுக்கும் மேற்பட்ட பேடன்டுகளுக்கு உரிய மூளையை ஒரு மரை கொண்டு போய்விட்டது.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது அதற்குப் பிறகு நடந்தது. ரேடார் விஷயம் பரம ரகசியம். எதிரிக்குத் துப்புக் கிடைத்துவிடக் கூடாது என்று விபத்துச் செய்தியையே அடக்கி வைத்தார்கள். பத்திரிகையில் நாலு வரி புகழுரை கூட அப்போது வரவில்லை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மௌனமாக அழ வேண்டியிருந்தது. ரகசியத்தைக் காக்க வேண்டியது அவசியம்தான், யுத்தம் அப்படிப்பட்டது. ஆனால் யுத்தம் முடிந்த பிறகும் உலகம் அந்த மௌனத்தை வெகு காலம் கலைக்கவில்லை. ப்ளம்லீன் சொன்ன அதே இரு கரைப் பள்ளத்து முறையில் ஸ்டீரியோ இசைத்தட்டுக்கள் 1958-ல் கடைகளுக்கு வந்தன. அவர் எழுதி 27 வருஷம் ஆகியிருந்தது; அவர் இறந்து 16 வருஷம். தட்டை வாங்கி வைத்துப் பூரித்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும்?

*

அட்லாண்டிக்கின் மறு கரையிலும் சும்மா இருக்கவில்லை. 1933 ஏப்ரல் 27-ந் தேதி, பிலடெல்பியா நகரில் ஒரு வாத்திய கோஷ்டி வாசித்தது. பெல் டெலிபோன் ஆராய்ச்சிசாலைக்காரர்கள் அதை மூன்று தனித்தனி ஒயர்களில் வாஷிங்டனுக்கு அனுப்பி, ஒரு காலி மேடையில் மூன்று ஒலிபெருக்கிகளால் ஒலிக்கச் செய்தார்கள். கோஷ்டியின் பிரபல நடத்துநரான லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி பிலடெல்பியாவில் கோலை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, வாஷிங்டனில் உட்கார்ந்து ஒலிக் கருவியின் திருகுகளைத் திருப்பிக் கொண்டிருந்தார். வித்வான் மேடையை விட்டுவிட்டு மைக்செட்காரரின் ஆசனத்தில் உட்கார்ந்தது சங்கீத சரித்திரத்தில் ஒரு விசேஷம்.

அதே ஸ்டோகோவ்ஸ்கிதான் பிறகு வால்ட் டிஸ்னியோடு சேர்ந்து 'ஃபான்டேஸியா' படத்துக்குச் சங்கீதம் நடத்தினார். ஒலி திரைக்குப் பின்னால் மட்டும் இல்லாமல் கொட்டகை முழுவதும் சுற்றி வர வேண்டும் என்று டிஸ்னிக்கு ஆசை. 'ஃபான்டசவுண்ட்' என்ற ஏற்பாடு பிறந்தது. படச் சுருள் ஒன்று, ஒலிச் சுருள் தனியாக ஒன்று, கொட்டகை முழுக்க ஒலிபெருக்கிகள். ஒவ்வொரு கொட்டகையிலும் இதைச் சரிபார்க்க ஒரு பரிசோதனைக் கருவி தேவைப்பட்டது. கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்ற ஊரில், வீட்டுக் கார் ஷெட் ஒன்றில் இரண்டு இளைஞர்கள் 1939-ல் கம்பெனி ஆரம்பித்திருந்தார்கள். அவர்களிடம் டிஸ்னி ஸ்டூடியோ அப்படிப்பட்ட கருவி எட்டு வாங்கிற்று. விலை ஒவ்வொன்றும் 71 டாலர் 50 சென்ட். அந்த இளைஞர்களின் பெயர் ஹ்யூலெட், பக்கார்ட்! பின்னால் கம்ப்யூட்டர் உலகத்தில் பெரிய பெயராக விளங்கிய அந்தக் கம்பெனியின் ஆரம்ப கால வியாபாரங்களில் இது ஒன்று. ஆகவே, கம்ப்யூட்டருக்கும் சுற்றொலிக்கும் இன்று நேற்றுச் சம்பந்தம் ஏற்பட்டதல்ல. நிச்சயதார்த்தம் 1940-லேயே ஆகிவிட்டது. கல்யாணத்துக்குத்தான் அரை நூற்றாண்டு ஆயிற்று.

'ஃபான்டேஸியா' 1940 நவம்பர் 13-ந் தேதி நியூயார்க் பிராட்வே தியேட்டரில் வெளியாயிற்று. அந்தக் கொட்டகைக்கு அப்படி என்ன ராசியோ தெரியவில்லை. 1928-ல் அதற்குக் 'காலனி' என்று பெயர் இருந்தபோது, மிக்கி எலி சப்தத்தோடு விசில் அடித்த படம் முதலில் ஓடியது அங்கேதான். 1952 செப்டம்பர் 30-ந் தேதி, மூன்று புரொஜக்டர்களும் ஏழு ஒலித்தடங்களும் கொண்ட 'ஸினராமா' முதல் காட்சி நடந்ததும் அதே கொட்டகையில்தான். மறு வருஷம் 'தி ரோப்' படம் ஸினிமாஸ்கோப்பிலும் நாலு ஒலித்தடங்களிலும் வந்தது.

எல்லாம் பிரமாதம். ஆனால் செலவு? அத்தனை பெட்டிகளையும் கருவிகளையும் வாங்கிப் பொருத்துவதென்றால் கொட்டகைக்காரர்களுக்கு மயக்கம் வந்தது. யுத்தம் வேறு குறுக்கிட்டதால் ஃபான்டசவுண்ட் ஒரு சில ஊர்களோடு நின்று போயிற்று. ஸினிமாஸ்கோப் படங்களும் பல ஊர்களில் பழைய ஒற்றைத் தடத்தோடு ஓடின. 1970-களில் வீட்டுக்கு நாலு பெட்டி என்று இசைத்தட்டுக் கம்பெனிகள் கிளம்பின. ஆளுக்கொரு முறை, ஒருவர் தட்டு இன்னொருவர் கருவியில் சரியாகப் பேசாது. ஜனங்கள் பார்த்தார்கள், இரண்டு பெட்டியே போதும் என்று திரும்பி விட்டார்கள்.

*

இந்த இடத்தில் நம் பாரத தேசம் கதைக்குள் நுழைகிறது.

ரே டால்பி என்ற அமெரிக்க இளைஞர் 1933-ல் பிறந்தவர். 1956-ல் வெளியான முதல் வீடியோ டேப் யந்திரத்தை உருவாக்கியதில் சிறு வயதிலேயே பங்கு கொண்டவர். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றபின், 1963-ல் யுனெஸ்கோவின் ஆலோசகராக இந்தியாவுக்கு வந்தார். சண்டிகரில் இருந்த விஞ்ஞானக் கருவிகள் ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு வருஷம் உத்தியோகம். ஓய்வு நேரத்தில் நம் சங்கீதத்தை டேப்பில் பதிவு செய்தார். டேப்பில் எப்போதும் 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் இருக்குமே, அது அவரை உறுத்தியது. ஆலாபனை மெதுவாக இழையும்போது, தம்புராவின் ரீங்காரத்துக்கு நடுவே அந்த இரைச்சல் எப்படிக் கேட்டிருக்கும் என்று நாம் ஊகித்துக் கொள்ளலாம். 1965-ல் லண்டனுக்குப் போய் டால்பி லாபரட்டரீஸ் என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்து, அந்த இரைச்சலை அடக்கும் கருவியைச் செய்தார்.

இரைச்சலை அடக்கியவர்கள் அடுத்தபடி சினிமாவுக்கு வந்தார்கள். படச் சுருளின் ஓரத்தில் ஒலிக்கு இருக்கும் இடம் நூலளவு. அதில் இரண்டு தடத்துக்கு மேல் போட முடியாது. அவர்களுக்கு வேண்டியதோ இடம், நடு, வலம், பின்புறம் என்று நாலு. தந்திரம் செய்தார்கள். இரண்டு தடத்திலும் ஒரே மாதிரி அலை வந்தால் அது நடுப்பெட்டிக்கு. ஒன்றுக்கொன்று நேர் எதிராக வந்தால் அது பின்புறத்துக்கு. இரண்டுக்குள் நாலை ஒளித்து வைத்து, கொட்டகையில் பிரித்தெடுத்தார்கள். 'டால்பி ஸ்டீரியோ' என்ற பெயரோடு 1970-களின் மத்தியில் வந்த இந்த முறை, 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தால் உலகமெங்கும் பரவிற்று. நம் தமிழில் 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்தபோது, துப்பாக்கிச் சத்தம் பின்னாலிருந்து வருகிறதென்று திரும்பிப் பார்த்தவர்கள் உண்டு.

கவனித்தீர்களா? ப்ளம்லீன் ஒரு பள்ளத்துக்குள் இரண்டைப் புகுத்தினார். டால்பி இரண்டு தடத்துக்குள் நாலைப் புகுத்தினார். இந்தச் சரித்திரம் முழுவதுமே குறுகிய சந்துக்குள் பெரிய தேரை ஓட்டுகிற சரித்திரம்தான். சந்தை அகலப்படுத்தக் காசில்லை. தேரைச் சிறிதாக்க மனசில்லை. ஆகவே தேரைக் கழற்றி எடுத்துப் போய் மறு முனையில் பூட்ட வேண்டியதாயிற்று.

1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். படச் சுருளின் ஓரத்தில், பல் சக்கரம் பிடிப்பதற்காக உள்ள ஓட்டைகளின் இடைவெளியில், ஒலியை எண்களாக மாற்றிப் புள்ளி புள்ளியாக அச்சிட்டு விட்டார்கள். அதில் ஐந்து முழு ஒலிகளும், இடி முழக்கம் போன்ற அடிநாதத்துக்கென்று தனியாக ஒன்றும் அடங்கின. அந்த ஆறாவது தடத்துக்கு அடிநாதம் மட்டும் போதுமானதால் அதை முழு ஒன்றாகக் கணக்கிடாமல், தசமத்தில் போட்டு 5.1 என்றார்கள். அடுத்த 1993-ல் 'ஜுராஸிக் பார்க்' வந்தது. அதில் ஒலி படச் சுருளிலேயே இல்லை. புரொஜக்டர் அறையில் கம்ப்யூட்டர்த் தட்டுக்களைச் சுழல விட்டு, சுருளில் இருந்த காலக் குறிப்புக்கு ஏற்ப அதைப் படத்தோடு இணைத்தார்கள். அதன் பெயர் டி.டி.எஸ். வீட்டுக் கம்ப்யூட்டர் சினிமாக் கொட்டகையோடு சேருவதற்கு முன்னால், கம்ப்யூட்டரே கொட்டகைக்குள் குடியேறி விட்டது.

*

வீட்டுக் கம்ப்யூட்டரின் நிலைமை அப்போது எப்படி இருந்தது? 1981-ல் ஐ.பி.எம். வெளியிட்ட கம்ப்யூட்டருக்கு 'பீப்' என்பதைத் தவிர வேறு பாஷை தெரியாது. அதற்கு வாய் கொடுத்தவர்களில் முக்கியமானவர் சிங்கப்பூர்க்காரர் ஸிம் வாங் ஹூ. 1981-ல் சிறிய கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடையாக அவர் தொடங்கிய கிரியேட்டிவ் என்ற கம்பெனி, 1989-ல் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்ற ஒலி அட்டையைக் கொண்டு வந்து உலகச் சந்தையைப் பிடித்தது. அவர் 2023 ஜனவரியில் தமது 67-வது வயதில் காலமானார். பீப் என்ற யந்திரம் பத்தே வருஷத்தில் பாடவும், பேசவும், பிறகு நாலு மூலையிலிருந்து உறுமவும் கற்றுக் கொண்டது.

1990-களின் கடைசியில் டி.வி.டி. தட்டும் வந்து சேர்ந்தது. தட்டில் ஆறு ஒலி இருக்கிறது. கம்ப்யூட்டர் அதைப் படிக்கிறது. கூடத்தில் ஆறு பெட்டி இருக்கிறது. நடுவில் ஒயர்தான் பாக்கி. ஆனால் சரித்திரம் மறுபடியும் அந்தப் பழைய சந்துக்குள் வந்து நின்றது.

முதல் வழி, கம்ப்யூட்டரின் முதுகில் உள்ள வர்ணத் துவாரங்கள். பச்சை முன் பெட்டிகளுக்கு, கறுப்பு பின் பெட்டிகளுக்கு, ஆரஞ்சு நடுப்பெட்டிக்கும் அடிநாதப் பெட்டிக்கும். துவாரத்துக்கு இரண்டாக மூன்று ஒயரில் ஆறு ஒலி. சுலபமான வழிதான். ஆனால் சில வீடுகளில் பெட்டிகள் பாடாமலே 'ம்ம்ம்' என்று முனகிக் கொண்டிருக்கும். என் அக்காள் பிள்ளை ஒருவன் என் வீட்டில் இந்த வேலையைச் செய்தபோது அந்த முனகலைக் கேட்டு, "என்னடா தம்பி, பெட்டிக்கு வயிற்று வலியா?" என்றேன்.

"இல்லை, மாமா. கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எர்த். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மின்சாரம் இந்த ஒயர் வழியாகப் போய் வருகிறது. அதுதான் முனகுகிறது" என்றான்.

"அதற்கு வைத்தியம்?"

"செப்பே இல்லாத ஒயர்" என்றான்.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. கண்ணாடி போன்ற இழையில் ஒலியைச் சிவப்பு வெளிச்சமாக அனுப்பும் ஒயர் ஒன்றை ஜப்பானின் டொஷிபா கம்பெனி 1983-லேயே செய்திருந்தது. வெளிச்சத்தில் மின்சாரம் ஓடாது. எனவே முனகலும் இல்லை. இதுவே இரண்டாவது வழி. ஆனால் இந்த ஒயரில் போகும் முறையை ஸோனியும் பிலிப்ஸும் வகுத்தது இரண்டு ஒலிகளுக்காக. கணக்கைப் பாருங்கள். ஓர் ஒலிக்கு விநாடிக்கு 48,000 மாதிரி, மாதிரிக்கு 16 புள்ளி என்று இரண்டு ஒலிக்கு 15,36,000 புள்ளிகள். ஆறு ஒலி என்றால் 46,08,000. சந்தில் நுழையாது! ஆனால் டி.வி.டி.யில் டால்பி முறைப்படி மூட்டை கட்டிய ஆறு ஒலிக்கு விநாடிக்கு அதிகபட்சம் 4,48,000 புள்ளிதான். மூட்டையாகக் கட்டிக் கொண்டு போனால் தாராளமாக நுழைந்துவிடும். மறு முனையில் ஆம்ப்ளிஃபயர் மூட்டையை அவிழ்த்துக் கொள்ளும்.

இதனால் ஒரு விசித்திரம் ஏற்பட்டது. சினிமாப் படம் போட்டால் ஆறு பெட்டியும் பாடும். அதே கம்ப்யூட்டரில் பையன் விளையாட்டைப் போட்டால் இரண்டு பெட்டியோடு நின்றுவிடும். சினிமா மூட்டை முன்கூட்டியே கட்டி வந்தது; விளையாட்டின் ஒலி அவ்வப்போது பிறப்பது, மூட்டை கட்ட ஆள் இல்லை. 2001-ல் என்விடியா என்ற கம்பெனி தன் சாதனத்தில் அப்போதைக்கப்போதே மூட்டை கட்டும் வித்தையைச் சேர்த்தது. இந்த விவரம் தெரியாமல் எத்தனை பேர் பெட்டி பழுது என்று கடைக்குத் தூக்கிக் கொண்டு ஓடினார்களோ!

2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. என்ற மூன்றாவது வழி வந்தது. படமும் எட்டு ஒலி வரையில் மூட்டை கட்டாத ஒலியும் ஒரே ஒயரில். நூற்றிருபது வருஷமாகத் தேரைக் கழற்றிப் பூட்டிக் கொண்டிருந்த ஜனங்களுக்குக் கடைசியாக ரத வீதியே கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டரிடம் 'எனக்குப் பெட்டி ஆறு' என்று அதன் அமைப்புப் பட்டியலில் ஒரு தடவை சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டென்றே நினைத்துக் கொள்ளும். கம்ப்யூட்டருக்குப் புத்தி உண்டு, ஊகம் கிடையாது.

*

2012-லிருந்து டால்பி ஸ்தாபனத்தார் மேற்கூரையிலும் பெட்டி வைக்கிறார்கள். மழை பெய்தால் தலைக்கு மேலே பெய்கிறது. அதே சமயம் இன்னொரு காரியமும் நடந்து வருகிறது. சின்ன வீடுகளிலும், ரயிலிலும், விடுதி அறைகளிலும் ஆறு பெட்டிக்கும் எட்டுப் பெட்டிக்கும் இடம் ஏது? பிள்ளைகள் இரண்டு காதிலும் இரண்டு சிறு கருவிகளைச் செருகிக் கொள்கிறார்கள். ஒலி எந்தக் காதை எவ்வளவு முன்பின்னாக எட்ட வேண்டும், தலை எவ்வளவு மறைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, இரண்டே காதுக்குள் எட்டுத் திசையையும் கொண்டு வந்துவிடுகிறது. பாரிஸ் கண்காட்சியில் இரண்டு டெலிபோன்களைக் காதில் வைத்துக் கொண்டு நின்றவர்களுக்கும் இவர்களுக்கும் தூரம் அதிகமில்லை.

ப்ளம்லீன் தம் முறைக்கு 'ஸ்டீரியோ' என்று பெயர் வைக்கவில்லை. 'இரு காது ஒலி' என்ற பொருளில்தான் பெயரிட்டிருந்தார். பெட்டி எத்தனை என்பதை அவர் பெரிதாக எண்ணவில்லை. பேசுகிறவன் எங்கே நிற்கிறானோ அங்கிருந்து அவன் குரல் வரவேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

காலம் கடந்தாவது உலகம் கொஞ்சம் நன்றி காட்டிற்று. 2015-ல் ஆபி ரோடு கட்டடத்தில் அவர் பெயரால் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். 2017-ல், அவர் மாண்டு 75 வருஷத்துக்குப் பிறகு, கிராமி விருதுகளில் தொழில் நுட்பத்துக்கான விருதை அவருக்கு அளித்தார்கள். தந்தையின் பெயரால் மகன் அதைப் பெற்றுக் கொண்டார். விருது பெரிதல்ல. பத்திரிகையில் நாலு வரி கூட வராமல் போன ஒருவரின் பெயரை ஒரு சபை எழுந்து நின்று சொன்னதே, அதுதான் பெரிது.

ஒலிப்பெட்டிகளின் மீது எத்தனையோ கம்பெனிகளின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அவற்றில் ப்ளம்லீன் பெயர் எங்கும் இல்லை. இனி எந்த வீட்டிலாவது திரையில் ஒருவர் இடது கோடியில் நின்று பேச, குரலும் இடது கோடியிலிருந்து வந்தால், அந்தக் குரலுக்குப் பின்னால் 38 வயதில் மௌனமாகிப் போன இன்னொருவரின் குரலும் இருக்கிறது என்று வாசகர்கள் ஒரு கணம் நினைத்துக் கொள்ள வேண்டும். அவருக்குச் செலுத்த வேண்டிய கடனில் அது ஒரு சிறு பகுதியாவது ஆகும்.